எழுத்தாணி இருக்கு, கீபோர்டு இருக்கு... தமிழ் மட்டும் இல்லை!

எடை 178 கிராம். இப்போது உங்கள் கையில் இருக்கும் போனும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். ஆனால் இதன் தடிமன் 2.3 சென்டிமீட்டர், அதாவது இன்றைய போன்களைப் போல மூன்று மடங்கு. தலையில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஆன்டெனா. நடுவில் சதுரமான திரை. திரைக்குக் கீழே, சிரிக்கிற வாய் போல லேசாக வளைந்த வரிசைகளில் குட்டிக் குட்டியாக ஒரு முழு ஆங்கிலக் கீபோர்டு. பின்பக்க ஓரத்தில் நகத்தால் நெம்பினால் ஒரு குச்சி வெளியே வருகிறது. அதுதான் ஸ்டைலஸ். நம் ஊர் மொழியில் எழுத்தாணி.

பெயர் ட்ரியோ 650. பாம்ஒன் என்ற அமெரிக்க நிறுவனம் 2004 அக்டோபரில் அறிவித்த போன். நம் ஊர் சிம் போடக்கூடிய ஜி.எஸ்.எம். மாடல் 2005-ல் வந்தது. ஐபோன் பிறக்க இன்னும் இரண்டு வருடம் இருந்த காலம். எனக்கு அப்போது ஐந்து வயது. அதனால் 'அந்தக் காலத்துல இதெல்லாம் கெத்து' என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இன்றைக்குக் கையில் எடுத்தால் எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்ல முடியும்.

'பரண்' பகுதிக்கு இதை அனுப்பியவர் வீரவநல்லூரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிடுகிறேன். சிங்கப்பூரில் இருந்த மைத்துனர் 2005-ல் டீச்சரின் கணவருக்கு வாங்கி வந்த போன் இது. அவர் 2009 வரை இதைத்தான் வைத்திருந்திருக்கிறார். 2010-ல் மாரடைப்பில் தவறிவிட்டார். அதற்குப் பிறகு போன் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்திருக்கிறது. சார்ஜர், கம்ப்யூட்டரில் சொருகும் ஒயர், சி.டி., அட்டைப்பெட்டி எல்லாம் பத்திரம். பெட்டியைத் திறந்தாலே அந்துருண்டை வாசம்.

"எம்மா, அவுக இதுலதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தாவ. தூரப் போட மனசு வரமாட்டேங்கு. உள்ள இருக்கத எடுக்க முடியுமா முடியாதான்னு மட்டும் சொல்லிரு. முடியாதுன்னா பேரனுக்கு வெளையாடக் குடுத்துருதேன்" என்றார்.

ஆக, இந்த வாரம் பார்க்க வேண்டியவை இரண்டு. போன் எப்படி இருக்கிறது? உள்ளே இருப்பது இருக்கிறதா?

செத்த பேட்டரி, சாகாத குறிப்பு

இரண்டாவது கேள்விதான் முதலில் பயமுறுத்தியது. காரணம், பழைய பாம் கருவிகளுக்கு ஒரு குணம் உண்டு. நாம் எழுதுவதெல்லாம் ராம் நினைவகத்தில்தான் உட்கார்ந்திருக்கும். மின்சாரம் இருக்கும்வரைதான் ராமுக்கு ஞாபகம். பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் முகவரி, காலண்டர், குறிப்பு எல்லாமே போய்விடும். இந்த போனுக்கு முந்தைய அண்ணனான ட்ரியோ 600-ம் அப்படித்தான். டீச்சரிடம் இருந்தது 600-ஆக இருந்திருந்தால், இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

650-ல்தான் அதை மாற்றினார்கள். இதன் 32 எம்.பி. நினைவகம் ஃபிளாஷ் வகை. நாம் பயன்படுத்தும் பென் டிரைவில் இருப்பதும் அந்த வகைதான். மின்சாரம் இல்லாவிட்டாலும் எழுதியது அழியாது. மொத்தம் 32 எம்.பி., அதில் நமக்குக் கிடைப்பது 23 எம்.பி. இன்று குடும்பக் குரூப்பில் வருகிற ஒரு கல்யாண வீடியோவுக்கே அது பத்தாது. ஆனால் வெறும் எழுத்து என்றால், ஒரு மனிதர் நாலைந்து வருடம் தினமும் எழுதினாலும் நிரம்பாத இடம்.

பேட்டரி எதிர்பார்த்த மாதிரியே முழுதாகச் செத்திருந்தது. நல்லவேளை, பின்மூடியைத் தள்ளினால் பேட்டரி தனியாகக் கையோடு வந்துவிடும். வண்ணார்பேட்டையில் ஒரு சர்வீஸ் கடை அண்ணன், அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மேஜையில் இருந்த பவர் சப்ளையில் இருந்து நேரடியாக இரண்டு ஒயர் கொடுத்தார். ஆரஞ்சு நிற லோகோ வந்தது. தேதி மட்டும் கண்டபடி இருந்தது. குறிப்புகள் பகுதியைத் தொட்டேன். வரிசையாக வந்து நின்றன. மொத்தம் 212.

டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்படியா" என்றார். கொஞ்சம் கழித்து, "எல்லாமா?" என்றார்.

ஒரு வாரம் வைத்திருந்த கதை

அதே அளவில் ஒரு பேட்டரி ஆன்லைனில் கிடைத்தது. சிம் போடுவதற்கு இன்றைய நானோ சிம்மை ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்துப் பழைய பெரிய சிம் அளவுக்கு மாற்ற வேண்டும். இது 2ஜி போன். ஜியோ சிம் போட்டால் வேலைக்கு ஆகாது, அந்த நிறுவனம் தொடங்கியதே 4ஜியில்தான். 2ஜி சேவையை இன்னும் வைத்திருக்கும் நிறுவனங்களின் சிம் என்றால் பேசலாம். ஜங்ஷனில் இருந்து வீரவநல்லூர் வரை பஸ்ஸில் பேசிக்கொண்டே போனேன், குரல் தெளிவு.

கீபோர்டு பற்றிப் பயந்தது வீண். பொத்தான்கள் அரிசி அளவுதான், ஆனாலும் இரண்டு கட்டைவிரலும் ஒரு நாளில் பழகிவிட்டன. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்த பிறகு, திரையைப் பார்க்காமலே எஸ்.எம்.எஸ். அடிக்க முடிந்தது. இன்றைய கண்ணாடித் திரையில் அது நடக்காது. பொத்தான்களுக்குப் பின்னால் விளக்கு உண்டு, கரன்ட் போன நேரத்திலும் எழுதலாம். எஸ்.எம்.எஸ். ஒவ்வொன்றும் தனித்தனியாக இல்லாமல், ஒருவரோடு பேசியது எல்லாம் ஒரே உரையாடலாக, வாட்ஸ்அப்பில் பார்ப்பதுபோலவே வருகிறது. தலையில் ஒரு சின்னச் சுவிட்ச். தள்ளினால் ரிங் சத்தம் நின்றுவிடும். கோயிலுக்குள் நுழையும்போது பையில் இருந்து போனை எடுக்காமலே சைலென்ட் போட்டுக்கொள்ளலாம். இன்றைய போனில் எனக்கு வேண்டும் என்று தோன்றிய ஒரே விஷயம் இந்தச் சுவிட்ச்தான்.

எழுத்தாணி விஷயம் வேறு. இதன் திரை இரண்டு அடுக்கு. மேல் அடுக்கை அழுத்தினால் அது கீழ் அடுக்கைத் தொடும், எந்த இடத்தில் தொட்டது என்று போன் கணக்குப் போட்டுக்கொள்ளும். அதனால் எழுத்தாணிதான் வேண்டும் என்று இல்லை. நகம், தீக்குச்சியின் பின்முனை, எதனால் அழுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும். இன்றைய திரைகள் நம் தோலில் உள்ள மின்தன்மையைப் பார்த்து வேலை செய்பவை. விரலில் ஈரம் இருந்தாலே தடுமாறும். வயலில் நின்று, சேறு காயாத கையோடு குறிப்பு எழுதிய ஒருவருக்கு எது வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த போனில் எழுத்தாணியால் 'எழுத' முடியாது. பாம் நிறுவனத்தின் முந்தைய கருவிகளில் கிராஃபிட்டி என்று ஒரு முறை இருந்தது. ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரே இழுப்பில் ஒரு கோடு, அதைக் கற்றுக்கொண்டு திரையில் கிறுக்கினால் எழுத்தாக மாறும். கீபோர்டு வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். எனவே இங்கே எழுத்தாணி என்பது சின்னப் பட்டன்களைக் குத்துவதற்கான ஒரு குச்சிதான். மூன்றாம் நாளில் இருந்து நான் அதை வெளியே எடுக்கவே இல்லை.

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுத்தாணியைக் கிண்டல் செய்தார். அப்போதைய 'ஸ்மார்ட்' போன்கள் என்று அவர் காட்டிய படத்தில் ட்ரியோவும் இருந்தது. எழுத்தாணி பற்றி அவர் சொன்னதில் இந்த போனைப் பொறுத்தவரை நியாயம் உண்டு. கீபோர்டு விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை.

மற்றவை எல்லாம் சுருக்கமாக. கேமரா 0.3 மெகாபிக்சல், படம் எடுத்தால் யார் என்று யூகிக்கலாம். வைஃபை கிடையாது. பிரவுசர் திறக்கும், இன்றைய வெப்சைட் எதுவும் திறக்காது, பாதுகாப்பு முறைகள் மாறிவிட்டன. காலண்டர் 2031 டிசம்பரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வருடம் போட இடமே வைக்கவில்லை.

கோட்டையா, கொட்டையா?

இனி அந்த 212 குறிப்புகள். டீச்சரின் கணவர் கூட்டுறவுத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருந்தவர். கால்வாயில் தண்ணீர் திறந்த நாள், நாற்றுப் பாவிய நாள், நடவுக் கூலி, உர மூட்டை, பாபநாசம் அணை எத்தனை அடி என்று வரிசையாக இருக்கிறது. அணையின் முழு உயரம் 143 அடி, அவர் எழுதிய எண்கள் அதற்கு வெகு கீழே நிற்கும் நாட்களில் குறிப்புகளும் நீளமாகின்றன.

எல்லாமே தமிழ். எல்லாமே ஆங்கில எழுத்து.

இந்த போனுக்குத் தமிழ் தெரியாது. யாராவது தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினாலும் அது எழுத்தாக வராது. அதனால் அவரும் அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததையே செய்திருக்கிறார், ஆங்கிலப் பொத்தான்களில் தமிழை அடித்திருக்கிறார். அவருக்குப் புரிந்திருக்கும். நமக்கு?

ஜூன் மாதக் குறிப்பு ஒன்றில் 'கார் ஆரம்பம்' என்று இருந்தது. டீச்சரின் பேரன் சத்தமாகப் படித்துவிட்டு, "தாத்தா கார் வாங்குனாங்களா?" என்று கேட்டான். தாமிரபரணிப் பாசனத்தில் ஜூனில் தொடங்குவது கார் சாகுபடி, அக்டோபர் வாக்கில் பிசானம். சென்னையில் இருந்து லீவுக்கு வந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொன்றில் கே, ஓ, இரண்டு டி, ஏ, ஐ. பக்கத்தில் 4. கோட்டை என்றால் நம் பக்கத்து நெல் அளவு. கொட்டை என்றால் புளியங்கொட்டையாக இருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் புளியமரமும் இருந்ததாம்! நெல்தான் என்று டீச்சர் முடிவு செய்தார், அடுத்த வரியில் வண்டி வாடகை இருந்ததால்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதில்லை. பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அபூர்வம், புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். ஒகரம் ஓகாரம் இரண்டுக்கும் ஒரே வடிவம். 'கோட்டை'யும் 'கொட்டை'யும் ஓலையில் ஒன்றுபோலவே இருக்கும், இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்திலேயே காட்டும் மாற்றத்தை 18-ம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்தார் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தபோது எதிரில் இருந்தது அப்படிப்பட்ட எழுத்துதான். பாம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உள்ளங்கை என்றும் பனை என்றும் பொருள் உண்டு. கம்பெனிக்காரர்கள் நினைத்தது உள்ளங்கையை. பனங்காடுகளுக்கு நடுவில் இருக்கும் நமக்கு இந்த போன் பனை ஓலையாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

டீச்சரின் அனுமதியோடு இன்னொரு குறிப்பையும் சொல்கிறேன். 2009-ல் எழுதியது. நாலு தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே 'இரவு' என்ற சொல், அதன்பின் வி, ஏ, எல், ஐ. அதற்கு முந்தைய குறிப்பில் வயலுக்கு டிராக்டர் போகும் பாதை பற்றிப் பக்கத்து வயல்காரரோடு பேசியது இருந்தது. அதனால் நான் 'வழி' என்று படித்தேன். கிணற்று வாளியாகவும் இருக்கலாம் என்று சொன்னேன்.

டீச்சர் என் கையில் இருந்து போனை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதிகளைப் பார்த்தார். "வழி இல்லம்மா. வலி" என்றார். பிறகு, "ராத்திரி எந்திச்சுத் திண்ணையில போயி உக்காந்திருப்பாவ. கேட்டா புழுக்கமா இருக்குன்னு சொல்லுவாவ" என்றார்.

ல, ள, ழ மூன்றும் அந்தக் கீபோர்டில் ஒரே பொத்தான்.

அப்போது தமிழ் முடியாததா?

இதுதான் என் கேள்வி. 2005-ல் கைக்கருவியில் தமிழ் வரவே வாய்ப்பில்லை என்றால், விதி என்று விட்டுவிடலாம். அப்படி இல்லை. தமிழ் 1991-லேயே யூனிகோடில் இடம்பிடித்துவிட்டது. தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999-ல் அங்கீகரித்தது. அது சாதாரண ஆங்கிலக் கீபோர்டின் பொத்தான்களிலேயே அடங்கிவிடும். ட்ரியோவில் பொத்தான் பற்றாக்குறை இல்லை. தமிழ் எழுத்தைச் சேமிக்கவும் காட்டவும் உள்ளே ஏற்பாடு செய்யவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டிலேயே எழுத்தாணியோடு ஒரு கருவி இருந்தது. சிம்ப்யூட்டர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், வி.வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து உருவாக்கியது. முதல் மாதிரியை 2001 ஏப்ரலில் காட்டினார்கள். லினக்ஸில் ஓடியது. இந்தி, கன்னடம், தமிழ் மூன்றும் தெரியும், எழுத்தைக் குரலாகப் படித்தும் காட்டும். ஒரு ஊரே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு போதும் என்பது யோசனை. படிக்கத் தெரியாதவருக்கும் கம்ப்யூட்டர் வேண்டும் என்று நினைத்துச் செய்தது. 2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அசைவை உணரும் சென்சார்கூட அதில் இருந்தது, ஐபோனுக்கு மூன்று வருடம் முன்பே.

விற்றது சில ஆயிரங்கள்தான். ஆரம்ப விலையே ஏறக்குறைய 10,000 ரூபாய். அதே நேரத்தில் சாதாரண செல்போன்கள் சில ஆயிரங்களுக்கு வரத் தொடங்கிவிட்டன. மக்கள் முதலில் கேட்டது பேசுவதற்கு ஒரு கருவியை. சிம்ப்யூட்டர் அடிப்படையில் போன் இல்லை. ட்ரியோவோ அமெரிக்காவில் ஒப்பந்தம் இல்லாமல் வாங்கினால் 600 டாலருக்கும் மேல். தமிழ் தெரிந்ததில் பேச வழியில்லை, பேச முடிந்ததில் தமிழ் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி நம் விலைக்குக் கொடுக்க அன்று ஆள் இல்லை.

இதைவிட வலிக்கும் தகவல் ஒன்று உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்', சாதாரண பட்டன் போனிலேயே தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்ப வழி செய்தது. அது வெளியானது 2005 பொங்கல் சமயத்தில், சிங்கப்பூரில். டீச்சரின் மைத்துனர் இந்த போனை வாங்கிய அதே ஊர், அதே வருடம்.

டீச்சருக்கும் மற்றவர்களுக்கும்

எடுக்க முடியுமா? முடிந்தது. போனோடு வந்த சி.டி.யில் இருக்கும் மென்பொருள் பழைய விண்டோஸுக்கானது, இன்றைய லேப்டாப்பில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். லினக்ஸில் ஜே-பைலட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டீச்சர் பத்திரமாக வைத்திருந்த அந்த ஒயர்தான் இங்கே கைகொடுத்தது. அந்தச் சொருகி பாம் கருவிகளுக்கு மட்டும்தான் பொருந்தும், தொலைந்திருந்தால் தேடி அலைந்திருப்போம். இணைத்து, போனில் ஹாட்சிங்க் என்பதை அழுத்தியதும் குறிப்பு, முகவரி, காலண்டர் எல்லாம் வந்துவிட்டன. ஒரு பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். வரிக்கு வரி இடைவெளி அதிகமாக விடச் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் மேலே சிவப்பு மையில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார், பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல. இதுவரை 60 குறிப்பு ஆகியிருக்கிறது. புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, பக்கத்து வயல்காரரிடம் கேட்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாம் கருவி இருந்தால், முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, தெரிந்த கடைக்காரரிடம் கொடுங்கள். யார் சொன்னாலும் ஹார்டு ரீசெட் செய்யாதீர்கள். பேட்டரி செத்தும் தப்பித்த குறிப்புகள் அதில் ஒரே நொடியில் போய்விடும். ட்ரியோ 600 அல்லது அதற்கு முந்தையது என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். எஸ்.டி. கார்டு இருக்கிறதா என்று மேல் விளிம்பில் பாருங்கள், சிலர் அதில் பிரதி எடுத்து வைத்திருப்பார்கள்.

இன்று வாங்கிப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், வேண்டாம். பேசவும் ஓ.டி.பி. பார்க்கவும் மட்டும் ஒரு போன் வேண்டும் என்றால், தமிழ் தெரிந்த புதிய பட்டன் போன்கள் கடையில் இருக்கின்றன.

பேரன் விளையாடக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்களே டீச்சர், பிரதி எடுத்தாயிற்று, தாராளமாகக் கொடுங்கள். எழுத்தாணியை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். மாற்றுக் குச்சி கிடைப்பது கஷ்டம்.

அடுத்த வாரம் பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கும் நோக்கியா 9300. பென்சில் பாக்ஸ் மாதிரி திறந்தால் உள்ளே நீளமான கீபோர்டு. எழுத்தாணி கிடையாது.